வீட்டுக்கு ஒரு நோட்டு

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஓடாமல் அது மூன்றாவது நாள். கள்ளக்குறிச்சியிலிருந்து பாதி வழிவரை ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார். "இதுக்கு மேல வண்டி போவாதுப்பா. இன்னா தலை போற அவசரமோ, நடந்து போய்க்கோ" என்று இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்.

முதுகில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சோப்பு டப்பா. கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்து வாடகை அறையில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான். சட்டைப்பையில், மாத்திரை போட்டுத் தரும் கவருக்குள் மடித்து வைத்த ஒரு தாள். அந்தத் தாள் என்னுடையதல்ல. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்த ஓர் அக்காவுடையது. மறுநாள் காலை பத்து மணிக்குள் அவர் அதை அங்கிருக்கும் பள்ளி விடுதியில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் சமையல் வேலை கிடைக்கும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். திங்கட்கிழமையே அவர் கைக்குப் போயிருக்க வேண்டிய தாள் அது. போகாததற்குக் காரணம் நான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறினேன். மறுபடி எழுதவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் ஆந்திரா பக்கம் இரண்டு வருடம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒரு வருடம், பரோட்டாக் கடையில் ஒரு மழைக்காலம். எதிலும் நிலைக்கவில்லை. நடுவில் சேலத்தில் மருத்துவக் குறியீடு சொல்லித்தரும் ஒரு படிப்பில் சேர்ந்து, பாதியில் பணம் கட்ட முடியாமல் நின்றுவிட்டேன். அந்தப் பாதிப் படிப்பை வைத்துத்தான் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் உண்டு. டாக்டர் நோயாளியின் நோட்டில் எழுதுவதைப் பார்த்து, அதற்குரிய குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மனநோய்களுக்கெல்லாம் எஃப். கூடவே வரும் எண்தான் இன்ன நோய் என்று சொல்லும். மனநிலைக் கோளாறு இருக்கிறது, ஆனால் இன்ன வகையென்று இப்போது சொல்ல முடியாது என்றால் எஃப் முப்பத்தொன்பது. சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகம், சில காலம் ஒரேயடியான சோர்வு என்று மாறி மாறி வந்தால் எஃப் முப்பத்தொன்று. படிப்பில் முதல் நாளே சொல்லித்தந்த விதி ஒன்று உண்டு: டாக்டர் எழுதாததைக் குறியீடாகப் போடக் கூடாது.

மனநல டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். சேலத்திலிருந்து காலை ரயிலில் சின்னசேலம், அங்கிருந்து பஸ். அன்று எண்பது பேராவது காத்திருப்பார்கள். பாதிப் பேர் முதல் தடவை வருபவர்கள். ஓர் ஆளுக்கு மூன்று நிமிஷம் கிடைத்தால் அதிகம். அதனால் நிறைய நோட்டுகளில் 'மனநிலைக் கோளாறு, வகை பிடிபடவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்' என்றே எழுதியிருப்பார். நானும் முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது என்று ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் இடஒதுக்கீடு கேட்டு மறியல்கள் தொடங்கியிருந்தன. மறுபடி வரச் சொன்னவர்கள் பஸ் இல்லாமல் வராமல் போனார்கள். வகை பிடிபடாத நோட்டுகள் பிடிபடாமலேயே கிடந்தன.

பதிவேட்டுப் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் அம்மா இருந்தார். மாதக் கடைசியில் ஒருநாள் அச்செடுத்த தாள்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டார். பாதி வரிகளில் சிவப்புக் கோடு.

"இந்த மாசமும் முப்பத்தொம்போது ஜாஸ்தி. மேலாபீஸ்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க."

"டாக்டர் அப்படித்தான் எழுதுறாருங்க மேடம்."

"அவரு எழுதிட்டு ரயிலேறிப் போயிடுவாரு. பேச்சு வாங்குறது நானு. பேரு இல்லாத வியாதிக்கு எதுக்குய்யா மாத்திரைன்னு கேக்குறாங்க, இன்னா சொல்லட்டும்?"

"நான் இன்னாங்க பண்றது?"

"நோட்ட வெச்சிக்கினுதானே உக்காந்திருக்கிற? முன்ன பின்ன படிச்சுப் பாரு. நீ படிச்சவன்தானே?"

என்னை யாரும் படித்தவன் என்று சொன்னதில்லை. அவர் வேலை ஆக வேண்டும் என்றுதான் சொன்னார், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் சனிக்கிழமை மதியம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, சிவப்புக் கோடு விழுந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்த மாதம் வந்தவர்களின் நோட்டுகள் கணக்கு முடியும்வரை எங்களிடமே அடுக்கில் இருக்கும்; பிறகு வந்து வாங்கிப் போவார்கள். அதில் ஒன்றுதான் வெள்ளிமலை அக்காவுடையது.

முதல் பக்கத்தில்: எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது, இரண்டு மாதமாகச் சாப்பாடு இல்லை, யாரோடும் பேச்சு இல்லை, அழுகை. அடுத்த பக்கத்தில், நான்கு மாதம் கழித்து: தூக்கம் இரண்டு மணி நேரம், ஓயாத பேச்சு, இரண்டு ஆடுகளை விற்று செல்போன் வாங்கியாயிற்று, மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தது. இரண்டு பக்கத்திலும் டாக்டர் வகை பிடிபடவில்லை என்றே எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் வேறு ஒரு டாக்டர் இருமலுக்கு மருந்து எழுதியிருந்தார்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு பக்கம் சோர்வு, மறுபக்கம் உற்சாகம். முப்பத்தொன்பதை அழித்து முப்பத்தொன்று என்று போட்டேன். டாக்டருக்குப் பிடிபடாதது நமக்குப் பிடிபட்டுவிட்டதே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்று மாலைக்குள் சிவப்புக் கோடுகள் முக்கால்வாசி போய்விட்டன. மாதக் கணக்கை முடித்துப் பூட்டினார்கள். மேடம் எனக்கு டீயும் போண்டாவும் வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை மாடி வராந்தாவில் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை.

"சார், கீழ டாக்டரம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க. எல்லாம் பாத்துட்டு நல்லாத்தான் இருக்கிறன்னு சொன்னாங்க. அப்பறம் கம்ப்யூட்டர்ல எனக்கு இன்னாமோ பெரிய வியாதின்னு காட்டுதாம். மேல போயி கேளுன்னாங்க."

"எதுக்குக்கா கையெழுத்து?"

"ஆஸ்டல்ல சமைக்கிற வேலை சார். எம்பேரு வந்திருக்குது. ஒடம்பு நல்லா இருக்குது, மனசு நல்லா இருக்குதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுக்கணுமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள."

பெயரைத் தட்டினேன். எஃப் முப்பத்தொன்று என்று வந்தது. நான் போட்டதுதான். நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

"குழந்த தவறினது…"

"ஆமா சார். அப்ப ரெண்டு மாசம் ஒரு மாதிரி இருந்தன். அதுக்கப்பறம் சரியாப்போச்சு."

"ரெண்டு ஆட்ட வித்து செல்போன் வாங்கினீங்களே, அது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் எங்க வாங்கினன்? அது எந்தம்பி."

"உங்க நோட்டுல இருக்குதேக்கா."

"என் நோட்டு இல்ல சார், எங்க வூட்டு நோட்டு. மொதல்ல வந்தது நானு, அதனால எம்பேரு போட்டாங்க. வூட்டுக்கு ஒண்ணுதானே குடுப்பீங்க, ரேஷன் கார்டு மாதிரி? யாரு கீழ எறங்குறாங்களோ அவங்க வந்து காட்டுவாங்க. கடைசில இருமலுக்கு எழுதினது எங்க மாமாவுக்கு."

இருமலையும் அவர் பெயரில்தான் ஏற்றியிருந்தேன்.

"எங்க ஊர்ல எல்லா வூட்லயும் அப்படித்தான் சார்" என்றார் அவர். என் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது.

மேடத்திடம் ஓடினேன். பூட்டிய கணக்கைத் திறக்க முடியாது, அந்த மனநல டாக்டரே தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் திருத்தலாம் என்றார். டாக்டர் வருவது புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு புதன்கிழமை இருக்கிறது, புதன்கிழமை வாங்கி வைக்கிறேன், வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, சர்டிபிகேட் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு அந்த அக்காவை அனுப்பினேன். அவர் மாலை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போனார். மலைக்கு ஏறிய கடைசி பஸ் அதுதான் என்று அப்போது தெரியாது. மறியலால் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எந்த பஸ்ஸும் டிப்போவைவிட்டு வெளியே வரவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் போன் செய்தார். ரயில் வந்துவிட்டது, ரோடுதான் அடைபட்டிருக்கிறது, மாலை ரயிலில் திரும்பிவிடுகிறேன் என்றார். காவலாளியிடம் சைக்கிள் கேட்டேன். "டியூப்ல காத்து நிக்காது, பாத்துப் போ" என்று கொடுத்தார். நோட்டையும் திருத்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு சின்னசேலத்துக்கு மிதித்தேன். நடுவில் சாலைக்குக் குறுக்கே சிமெண்ட் குழாய்களை உருட்டிப் போட்டு, அதன்மேல் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நில்லு நில்லு. எந்த ஊரு? யாரு வூட்டு ஆளு?"

"ஆஸ்பத்திரி ஆளுங்க. கையெழுத்து வாங்கணும்."

"எங்களுக்கும் ஒரு கையெழுத்துதான் வேணும். நாங்க எத்தினி வருசமா குந்திக்கினு இருக்கிறோம், நீ சைக்கிள் எடுத்தா வாங்கிடுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் இறங்கி வந்து நோட்டைப் புரட்டினான். என்ன படித்தானோ, சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்தான். "போ. எங்க வூட்லயும் இப்படி ஒரு நோட்டு கெடக்குது" என்றான்.

டாக்டர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் மாற்றியதையும் சொன்னேன்.

"நான் எழுதினத நீ எதுக்குய்யா மாத்தின?"

"பிடிபடலன்னு போட்டா மேல திருப்பி அனுப்புறாங்க சார்."

"அனுப்பட்டுமே. பிடிபடலன்னா வேற எப்படி எழுதுறது? ஒருத்தன் தூங்காம பேசுறான். அது குடியா, தைராய்டா, வேற எதாவது மருந்தா, நெசமாவே அந்த வியாதியா? ஒரு தடவ பாத்துட்டு எப்படிச் சொல்றது? ரெண்டு மாசம் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் தெரியலன்னு எழுதறதுக்குத்தான் அந்த நம்பரையே வெச்சிருக்கான். நீ பாட்டுக்கு ஒரு பேரு வெச்சா அந்தப் பேரு அந்த மனுஷிய எங்க போனாலும் விடாதுய்யா."

நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

"இந்த ஆளு எனக்கு ஞாபகம் இருக்குது. இவ்ளோ பெரிய மீச. அன்னிக்கு மலைல இருந்து வந்தவன் அவன் ஒருத்தன்தான். எதிர்ல ஒக்காந்தவன பாத்தன். அட்டைல யாரு பேருன்னு பாக்கல."

படிவத்தைத் தொடைமேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெண்ணுக்குக் குழந்தை இழப்பை ஒட்டிய துயரம், இப்போது இல்லை என்று எழுதினார். இரண்டாம் பக்கம் வேறு நபருடையது என்றும் எழுதினார்.

"அந்தத் தம்பிய எப்படியாவது கூட்டிக்கினு வரச் சொல்லு. நான் பாக்க வேண்டியது அவனத்தான். மாத்திரையும் அவனுக்கு முடிஞ்சிருக்கும்" என்றார்.

வியாழக்கிழமை காலை மேடம் படிவத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். குறியீட்டை நானாகவே மாற்றினேன் என்று எழுதித் தந்தால்தான் திருத்தம் ஏறும் என்றார்.

"நீங்க சொல்லித்தானே மேடம்…"

"நான் படிச்சுப் பாருன்னுதான் சொன்னன். மாத்துன்னு சொன்னனா?"

உண்மைதான், அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. மணி ஒன்பதரை. மலைக்கு பஸ் இல்லை, அந்த அக்கா வர முடியாது, வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. சண்டை போட எனக்கு நேரமில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் மாற்றிய மற்ற நோட்டுகளின் எண்களையும் அதே தாளில் கீழே எழுதினேன்.

"அதெல்லாம் எதுக்கு எழுதுற?"

"நானாவேதானே மாத்தினன் மேடம்."

அவர் அந்தத் தாளை மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவற்றைத் திருத்தினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்து மணிக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்திக் கணக்கு முடித்தார்கள். கீழே போய், டாக்டரம்மாவிடம் திருத்தத்தைக் காட்டி, சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்கினேன். அறையைக் காலி செய்தேன். நடக்கத் தொடங்கினேன்.

மலைச்சாலையில் வெயில் இல்லை, அது ஒன்றுதான் நல்லது. கால் வலித்தது. கோபம் அதைவிட அதிகம். சிவப்புக் கோடு போட்டவன்மேல், மேடத்தின்மேல், அட்டையைப் பார்க்காத டாக்டர்மேல், வீட்டுக்கு ஒரு நோட்டு என்று நினைத்த ஊர்மேல். ஒவ்வொருவர்மேலும் கோபப்பட்டுப் பார்த்தேன். யார்மேலும் அது ஒரு வளைவுக்கு மேல் நிற்கவில்லை. அந்த முப்பத்தொன்றைத் தட்டியது என் விரல்தான். வழியில் கட்டையேற்றி வந்த ஒரு ஜீப் கடைசி ஏற்றத்தில் இடம் கொடுத்தது. நான்கு மணிவாக்கில் ஊருக்குள் இறங்கினேன்.

முதலில் என்னைப் பிடித்தது மீசைக்காரத் தம்பிதான். வீட்டைச் சுற்றிக் கல்வேலி போட்டுக்கொண்டிருந்தான். ஒரு மூலையில் பாதி வேலி. இன்னொரு மூலையில் தோண்டிய குழி. வேறொரு பக்கம் கோழிக்கூண்டுக்கு நட்ட நான்கு குச்சிகள். எதுவும் முடியவில்லை. அவன் கண்கள் தூங்கிப் பல நாள் ஆனதைச் சொல்லின.

"வாங்க வாங்க, கரண்ட் ஆபீசா? இல்ல? சர்வேயா? ஒக்காருங்க. இங்க ஒரு ஓட்டல் வெக்கப்போறன், அதுக்குத்தான் வேலி. அந்தப் பக்கம் வண்டி நிறுத்த. கீழ இருந்து ஜனம் வரும். தண்ணி குடிக்கிறீங்களா? எங்கக்கா சமைக்கும். இன்னா மாதிரி சமைக்கும் தெரியுமா?"

"டேய், அவர வுடுடா" என்று அக்கா வெளியே வந்தார்.

தாளைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். கையெழுத்தையும் முத்திரையையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எம்பேர்ல போட்டிருந்தத எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டோம்க்கா. நான்தான் தப்பா போட்டன். என் தப்புதான்."

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவன் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வேலியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அவனுக்கு?"

"அவருக்கு இப்ப கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லக்கா. புதுசா அவர் பேர்ல நோட்டு போடணும். டாக்டர் கூட்டிக்கினு வரச் சொன்னாரு."

"மாத்திர?"

"அவர் பேர்ல எழுதினாத்தான் குடுப்பாங்க."

"முந்தி எம்பேர்ல குடுத்தாங்களே."

தவறான நோட்டில் அவனுக்கு மாத்திரை இருந்தது. நான் எல்லாவற்றையும் சரி செய்து முடித்த பிறகு அதுவும் இல்லை. அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாமைச் சோறும் கீரையும் போட்டார். "சாப்பிடு தம்பி, நடந்தே வந்திருக்கிற" என்றார். சார் என்று அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போகும் ஜீப்பில் ஏறினார். தாள் அதே மாத்திரைக் கவரில் இருந்தது. ஏறும் முன் தம்பியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பஸ் ஓட ஆரம்பிச்சதும் நானே கூட்டிக்கினு போறன்க்கா" என்றேன்.

ஜீப் போன கொஞ்ச நேரத்தில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் லாரி வந்து நின்றது. மேட்டுக்காட்டில் கிழங்கு பிடுங்க ஆள் சேர்த்துக்கொண்டு வந்த மேஸ்திரி, நோட்டில் தம்பியின் பெயரைப் பார்த்து அழைத்தார். அவன் நேற்றைய குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டிக்கொண்டிருந்தான். ஓட்டலுக்குக் கிணறு என்றான்.

"இவன் இன்னிக்கும் வரமாட்டானா? ஒரு ஆளு கம்மியாப் போச்சே. நீ யாருய்யா, இந்த வூட்டுக்கு ஒறம்பரையா?"

"நான் வரேங்க."

மேஸ்திரி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பேனா பிடிச்ச கை. மதியத்துக்குள்ள தோலு உரிஞ்சிடும்."

"கெணறு போடுற போர் லாரில ரெண்டு வருசம் இருந்தன்."

"அப்ப ஏறு. ஒரே வூட்டு ஆளுதானே, அவன் பேருலயே டிக் போட்டுக்கறன்."

"வேணாங்க. கீழ என் பேரத் தனியா எழுதுங்க. அவரு வரலன்னு எழுதுங்க."

"எல்லாம் ஒண்ணுதானேய்யா."

"தனியா எழுதுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை உதறி எழுதினார். நான் லாரியின் பின்பக்கம் ஏறி, மேட்டுக்காட்டில் இறங்கி, முதல் வரிசையில் நின்றேன். முந்தைய நாள் தூறலில் மண் இளகியிருந்தது. தண்டை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தேன். முதல் செடி கிழங்கில் பாதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தது.

"படிச்ச ஆளு வேலை பாரு" என்று யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி கடப்பாரையை என் பக்கம் எறிந்தார். மீதியைத் தோண்டி எடுத்தேன்.